முக்கோணத்துக்குள் இருக்கும் எண்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளும் ஒரு சுற்றுச்சூழல் திருவிழாவுக்குப் போயிருந்தோம். "வீட்டில் சேர்ந்திருக்கும் பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் எல்லாவற்றையும் கழுவி, காயவைத்து எடுத்து வாருங்கள். எது எங்கே போகும் என்று சேர்ந்து பார்ப்போம்" என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். அந்த வரிக்காகத்தான் கிளம்பினேன். பேச்சு, பாட்டு, ஓவியப் போட்டி எல்லாம் அப்புறம்தான்.

எங்கள் வீட்டில் குப்பை பிரிப்பது என் வேலை. பல வருடங்களாகச் செய்கிறேன். எதைத் தூக்கிப் போடுவதாக இருந்தாலும் முதலில் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பேன். அம்புக்குறிகள் ஒன்றையொன்று துரத்தும் முக்கோணம் இருந்தால் மறுசுழற்சித் தொட்டிக்குப் போகும், இல்லையென்றால் மற்றத் தொட்டிக்கு. மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அந்த முக்கோணத்தை அடையாளம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆகவே இரண்டு பெரிய பைகள் நிறையப் பொருள்களோடு போனபோது, அநேகமாக எல்லாமே சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் போனேன்.

பிரிக்கும் மேஜையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குப்பை பிரிக்கும் கூடத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தவராம். என் பையை வாங்கி மேஜையில் கொட்டினார். நான் ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணைக் காட்டத் தயாராக இருந்தேன். அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை.

தண்ணீர் பாட்டிலைக் காதருகே வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பட்பட்டென்று நொறுங்குகிற சத்தம். முதல் கூடைக்குப் போனது. அடுத்து சோப்புத் திரவம் வந்த டப்பா. அழுத்தினால் மந்தமாக உள்ளே போய் மெதுவாக மேலே வந்தது, சத்தமே இல்லை. இரண்டாவது கூடை. ஒரு மூடியை நகத்தால் கீறிப் பார்த்தார். ஒரு கவரை இரண்டு கையாலும் இழுத்தார். இழுக்க இழுக்க நீண்டது, கிழியவில்லை. இன்னொரு கவரை இழுத்தார். அது நீளாமல் 'சர்'ரென்று கிழிந்தது, கிழிந்த ஓரத்தில் வெள்ளியாக மினுங்கியது. அதைக் கூடைகள் எதிலும் போடாமல் கீழே தரையில் வைத்தார்.

தரையில் இருந்த அந்தக் குவியல்தான் வளர்ந்துகொண்டே போனது. ஷாம்பு நிரப்பி வரும் பை. கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. பற்பசைக் குழாய். கைக்கு அடங்குகிற சின்னச் சின்ன மூடிகள். அழுத்தினால் திரவம் பீச்சும் பம்ப். என் மகள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"பாட்டி, இதுலயும் முக்கோணம் இருக்கே?"

"இருக்கும் கண்ணு. அது இந்தப் பிளாஸ்டிக்கோட பேரு. இதை யாராவது எடுத்துக்குவாங்கன்னு அதுக்கு அர்த்தம் இல்ல."

இத்தனை வருடத்தில் இதை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். துரத்தும் அம்புகள் கொண்ட மறுசுழற்சிச் சின்னம் 1970இல் பிறந்தது. முதல் புவி நாள் கொண்டாடிய வருடம் அது. அமெரிக்காவில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்று மாணவர்களுக்குப் போட்டி வைத்தது. கேரி ஆண்டர்சன் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவர் வரைந்தது வென்றது. ஒரே பக்கம் மட்டுமே உள்ள மோபியஸ் நாடாவை மனதில் வைத்து வரைந்தாராம். காகிதத்துக்காகப் பிறந்த சின்னம் அது. பிறகு 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் பிளாஸ்டிக் வகைகளுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்து, அதே மாதிரி அம்பு முக்கோணத்துக்குள் அந்த எண்களை வைத்தது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக். 2 கெட்டியான பாலிஎத்திலீன். 3 பிவிசி. 4 மெல்லிய கவர்களின் பாலிஎத்திலீன். 5 பாலிபுரொப்பிலீன். 6 பாலிஸ்டைரீன். 7 என்றால் 'மற்றவை', அதாவது முதல் ஆறில் சேராத எல்லாம். பார்க்கிறவர்கள் குழம்புகிறார்கள் என்பதால் 2013இல் தர நிர்ணய விதியை மாற்றி, அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். ஆனால் பழைய அச்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் பையில் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றில் அம்புதான் இருந்தது.

எண்ணை விட நம்பகமானது தண்ணீர் என்று அந்த அம்மா சொன்னார். பக்கத்திலேயே ஒரு வாளி வைத்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்றின் உடலில் இருந்து ஒரு துண்டு, அதன் மூடியில் இருந்து ஒரு துண்டு, பழைய சிடி உறையில் இருந்து ஒரு துண்டு. விரல்நகம் அளவுக்கு வெட்டி என் மகள் கையில் கொடுத்தார். காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் முடிவு தப்பாகிவிடும் என்று வாளியில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக் கலக்கினார். மகள் மூன்றையும் போட்டாள். மூடித் துண்டு மிதந்தது. பாட்டில் துண்டும் சிடி துண்டும் அடியில் போய் உட்கார்ந்தன.

"இப்போ உப்பு போடு" என்றார். மகள் கை நிறைய அள்ளிப் போட்டுக் கரைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பல கை. கலங்கல் தெளிய நாங்கள் இருவரும் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றோம். சிடி துண்டு அடியில் லேசாக அசைந்தது. ஒரு ஓரம் தூக்கியது. அப்புறம் யாரோ கீழிருந்து தூக்கிவிட்டது மாதிரி மெல்ல எழுந்து மேலே வந்துவிட்டது. பாட்டில் துண்டு மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது. மகள் கைதட்டினாள். எனக்கும் கைதட்டத் தோன்றியது.

மறுசுழற்சி ஆலைகளிலும் இதைத்தான் பெரிய தொட்டிகளில் செய்கிறார்கள். பாட்டிலை மூடியோடு சேர்த்தே துண்டாக்கித் தண்ணீரில் போட்டால் மூடி மிதக்கும், பாட்டில் மூழ்கும், இரண்டும் தனித்தனியாகிவிடும். பெட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 1.38 மடங்கு. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரை விட லேசானவை. சிக்கல் எங்கே என்றால், பிவிசியும் பெட்டைப் போலவே மூழ்கும். பாட்டிலைச் சுற்றி இறுக்கமாகச் சுருங்கியிருக்கும் சில லேபிள்கள் பிவிசியில் செய்தவை. அவை பெட்டோடு கலந்துவிட்டால் தண்ணீரால் பிரிக்க முடியாது. பெட் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கி, நல்ல பெட்டையும் கெடுத்துவிடும். அதனால் அன்றிலிருந்து லேபிளை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பாட்டிலைப் போடுகிறேன். அரை நிமிட வேலை.

தரைக் குவியலில் கிடந்த ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா காரணம் சொன்னார். ஷாம்பு பையில் இரண்டு மூன்று வகைப் படலங்கள் ஒட்டியிருக்கும், சிலவற்றில் நடுவே அலுமினியமும் உண்டு. அவற்றைப் பிரித்தெடுப்பது அநேக இடங்களில் நடக்காத காரியம். கறுப்புத் தட்டை, பிளாஸ்டிக் பிரிக்கும் இயந்திரத்தின் அகச்சிவப்புக் கதிர் 'பார்ப்பதில்லை', நிறத்துக்காகச் சேர்த்த கரித்தூள் கதிரை விழுங்கிவிடுகிறது. பம்பைத் தானே பிரித்துக் காட்டினார். குழாய், மூடி, ஒரு கண்ணாடிக் குண்டு, உள்ளே ஒரு எஃகுச் சுருள். உள்ளங்கையில் நாலு பொருளாகக் கிடந்தது. "இதை யாரு உட்கார்ந்து பிரிப்பாங்க, சொல்லுங்க" என்று கேட்டார். வருத்தமாகத்தான் கேட்டார். இப்படி எத்தனை ஆயிரம் பம்புகள் அவர் கைவழியே போயிருக்கும்!

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். ரோலண்ட் கையர், ஜென்னா ஜாம்பெக், காரா லேவண்டர் லா ஆகிய மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1950 முதல் 2015 வரை உலகம் சுமார் 830 கோடி டன் பிளாஸ்டிக்கைச் செய்திருக்கிறது. அதில் குப்பையானது சுமார் 630 கோடி டன். அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம். 12 சதவீதத்தை எரித்தார்கள். மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. இந்த எண்ணை முன்பே எங்கோ படித்திருக்கிறேன். படித்தபோது, ஜனங்கள் ஒழுங்காகப் பிரித்துப் போடாததுதான் காரணம் என்று நினைத்தேன். பிரித்துப் போட்ட என் பையிலிருந்தே இவ்வளவு பெரிய குவியல் தரையில் கிடந்ததைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

எல்லாப் பொருளும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலுமினிய டின் எங்கள் பையில் ஆறேழு இருந்தது. அதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதைவிட, பழையதை உருக்கினால் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம். கண்ணாடியையும் தரம் குறையாமல் மறுபடி மறுபடி உருக்கலாம். காகிதத்துக்கு மட்டும் ஆயுள் உண்டு. ஒவ்வொரு முறையும் அதன் நார் கொஞ்சம் குட்டையாகிக்கொண்டே போய், ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு காகிதமாகப் பிடித்து நிற்காது.

அங்கிருந்து பழுது பார்க்கும் பகுதிக்குப் போனோம். என்னிடம் ஒரு மேஜை விளக்கு இருக்கிறது. படிக்கும் காலத்தில் வாங்கியது. ஒரு வருடமாக எரியவில்லை. தூக்கி எறிய மனம் வராமல் அலமாரி மேல் கிடந்தது. இந்த மாதிரிப் பழுது பார்க்கும் கூட்டங்களை 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கிவைத்தார். இன்று பல நாடுகளில் நடக்கிறது. பொருளைக் கொடுத்துவிட்டுப் போய் அப்புறம் வந்து வாங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். கூடவே உட்கார வேண்டும், முடிந்தால் நாமே செய்ய வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த தம்பி கல்லூரி மாணவர் மாதிரி இருந்தார். முதல் வேலையாக விளக்கின் பிளக் எதிலும் சொருகியிருக்கவில்லை என்பதை மகளையே பார்த்துச் சொல்லச் சொன்னார். அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கிலும், இன்னொரு முனையை உள்ளே வயர் சேருமிடத்திலும் வைத்தார். வயர் நன்றாக இருந்தால் 'பீப்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே வந்தார். விளக்கின் அடிப்பாகத்துக்குள் நுழையும் இடத்தில் வளைத்தபோது ஒரு நொடி 'பீப்' வந்து நின்றுவிட்டது. வெளி உறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு இழைகள் முறிந்திருந்தன. தினமும் அதே இடத்தில் மடங்கி மடங்கி முறிந்திருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, உறையைச் சீவி, இழைகளை முறுக்கித் திருகுக்கு அடியில் விட்டோம். திருகை முடுக்கியது மகள். "இன்னும் கொஞ்சம் பாப்பா, நல்லா இறுக்கணும், லூசா இருந்தா சூடாகும்" என்றார் தம்பி. நாக்கைக் கடித்துக்கொண்டு முடுக்கினாள். திரும்பவும் சோதித்துவிட்டு, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டோம். எரிந்தது.

இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. எறிய வேண்டியிருந்தது ஒரு விரல் நீள வயர் மட்டும். 2022இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்று பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவீதம். அலமாரி மேல் இன்னும் எத்தனை வீடுகளில் ஒரு விரல் நீள வயருக்காக எத்தனை விளக்குகள் கிடக்கின்றனவோ.

உரக் குழி பக்கம் சீக்கிரம் முடித்துக்கொண்டோம், ஏனென்றால் அதை வீட்டில் ஏற்கெனவே செய்கிறோம். ஆனாலும் குவியலின் நடுவே செருகியிருந்த வெப்பமானி 60 டிகிரியைக் காட்டியது எனக்குப் புதிது. வீட்டுத் தொட்டி அளவுக்கு அந்தச் சூடு சேராது. மகள் மேலாக உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கு அம்மா" என்றாள். காய்ந்த சருகு போதாமல் ஈரக்கழிவு மட்டும் போட்டால் காற்றுப் போகாமல் நாறும் என்றார்கள். எங்கள் தொட்டி மழைக்காலத்தில் நாறுவதற்குக் காரணம் அதுதான் போலிருக்கிறது. அதே ஈரக்கழிவு குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயு அது.

திருவிழாவில் ஒருமுறை குடித்து எறியும் கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. முன்பணம் கட்டிக் கெட்டியான கோப்பையை வாங்கிக்கொண்டு, போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். கழுவும் இடத்தைத் திறந்தவெளியில், எல்லோர் கண்ணுக்கும் படுகிற மாதிரி வைத்திருந்தது மிகச் சரியான முடிவு. காகிதக் கோப்பைதான் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்கு, தண்ணீரில் ஊறவைத்த காகிதக் கோப்பையின் உட்புறத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் தோலை உரித்துக் காட்டினார்கள். முழுதாக, கோப்பை வடிவத்திலேயே உரிந்து வந்தது.

ஒன்று மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வாசலில் எல்லோருக்கும் புதுத் துணிப்பை கொடுத்தார்கள். டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வில், தட்பவெப்பப் பாதிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால்கூட, ஒரு சாதாரணப் பருத்திப் பையை 50 தடவைக்கு மேல் பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று வந்தது. வீட்டில் ஏற்கெனவே பத்துப் பை இருப்பவருக்குப் பதினொன்றாவது எதற்கு? நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கருத்துப் பெட்டியிலும் எழுதிப் போட்டேன்.

கிளம்பும் முன் ஜப்பானின் கமிகாட்சு ஊரைப் பற்றிய படங்களைப் பார்த்தோம். 1,500க்கும் குறைவானவர்கள் வாழும் மலைக் கிராமம். 2003இல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்தார்கள். குப்பை வண்டி கிடையாது. அவரவரே கழுவிக் காயவைத்து எடுத்துப்போய் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள். அப்படிச் செய்தும் சுமார் 80 சதவீதம்தான் எட்ட முடிந்தது. மீதி என்ன என்று பார்த்தேன். எங்கள் தரைக் குவியலில் கிடந்த மாதிரிப் பொருள்களும் அதில் இருந்தன! செய்யும்போதே பல பொருள்களை ஒட்டிச் செய்தவை. ஒரு ஊரே சேர்ந்து இவ்வளவு பாடுபட்டும் பிரிக்க முடியாததை என் சமையலறையில் நின்று நான் பிரித்துவிட முடியாது. செய்கிறவர்கள் செய்யும் விதத்தை மாற்ற வேண்டும், வாங்குகிற நாங்கள் அதைக் கேட்க வேண்டும்.

அந்தத் தரைக் குவியலைத் திருப்பி எங்கள் பையிலேயே போட்டுக் கொடுத்தார் அந்த அம்மா. "கொண்டு போங்க. கண்ணுல படுற இடத்துல வைங்க. அடுத்த தடவை கடைக்குப் போறப்போ ஞாபகம் வரும்" என்றார். சமையலறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இந்த வாரம் ஷாம்பு தீர்ந்தது. பையில் வருவதை வாங்காமல் கட்டியாக வருவதை வாங்கினேன், அட்டையில் சுற்றித்தான் வருகிறது. திரவச் சோப்புக்குப் பதில் சோப்புக் கட்டிக்கே திரும்பிவிட்டோம், அதனால் பம்பும் வேண்டியதில்லை. பற்பசைக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.

நேற்று ராத்திரி, சரியாக்கி வந்த விளக்கின் கீழே உட்கார்ந்து, ஷாம்பு பையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த முகவரிக்கு நானும் மகளும் ஒரு கடிதம் எழுதினோம். ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் பை செய்ய முடியுமா, முடியாதென்றால் காலிப் பையை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்வீர்களா என்று இரண்டே கேள்வி. மகள் கீழே மூன்று அம்புகளை வரைந்து, நடுவில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி போட்டாள். காலிப் பையைக் கழுவிக் காயவைத்து உறைக்குள் சேர்த்து இன்று காலை தபாலில் போட்டாயிற்று. பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.